இரண்டு தோணியில் கால் வைத்தவர்கள்

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கல்யாணம், கட்சி, சீட்டுக் கம்பெனி, எந்த வியாதிக்கும் பெரியவர்களிடம் இந்த ஒரே லேகியம்தான். எங்கள் திருத்தணியில் இதை அடிக்கடி உருட்டிக் கொடுத்தவர்கள் தோணியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. கடல் எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது. நந்தி ஆறு என்று ஊருக்கு ஓர் ஆறு உண்டு. அதில் தோணி விட வேண்டுமானால் முதலில் தண்ணீர் விட வேண்டும்.

ஆடிக் கிருத்திகை மட்டும் விதிவிலக்கு. வருஷத்துக்கு நாள் எத்தனையோ அத்தனை படி, 365, ஏறிப் போய் உட்கார்ந்திருக்கிற முருகன், அந்தச் சமயத்தில் மூன்று நாள் அடிவாரத்துச் சரவணப் பொய்கைக்கு இறங்கி, வள்ளி தெய்வானையோடு தெப்பத்தில் வலம் வருவார். தெப்பம் என்றால் எந்த ஊரிலும் சமாசாரம் ஒன்றுதான்: அடியில் காலிப் பீப்பாய்கள், மேலே மரச்சட்டம், அதன்மேல் மண்டபம், சீரியல் லைட்டு, நாதஸ்வரம், அர்ச்சகர், அர்ச்சகருக்குத் தெரிந்தவர்கள். பீப்பாய்களை நடுவில் குவித்தால் இந்தக் கும்பல் மொத்தமும் குளத்தில் குளிக்கும். ஓரத்துக்குத் தள்ளினால் தெப்பம் அசையாது. மிதக்கிற பொருளை நடுவிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால், சாய்வதை எதிர்க்கிற பலம் நான்கு மடங்காகிறது. இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாகப் பிணைக்கிற இரட்டை உடல் கப்பலின் சாஸ்திரமும் அடிப்படையில் இவ்வளவுதான். இரண்டு பக்கமும் சம பாரம் இருந்தால் நடுவில் நிற்பவர் நிம்மதியாக இருக்கலாம் என்பதை எங்கள் சுவாமிக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஆக, பெரியவர்கள் சொன்னது பாதி. இரண்டு தோணியிலும் தாராளமாகக் கால் வைக்கலாம். நடுவில் ஒரு பலகை போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பலகையை ஒழுங்காகப் போடத் தெரியாமல் ராஜாக்களும் மேதைகளும் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகத் தொப்பலாக நனைந்த வரலாறு பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராது. வந்தால் பிள்ளைகள் விரும்பிப் படித்துவிடும் அபாயம் இருக்கிறது.

நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஒருவர் எழுந்து, “கட்டுமரம் நம்முடையது, வெள்ளைக்காரன் திருடிவிட்டான்” என்பார். உட்காருங்கள் ஐயா. கட்டுமரம் நம்முடையதுதான். ஆனால் அது இரட்டை உடல் கப்பல் அல்ல. மரங்களை இடைவெளியில்லாமல் நெருக்கிக் கட்டிய மிதவை அது. அலை மேலே ஏறும், கீழே ஒழுகும், மீனவர் நனைந்துகொண்டே மீனோடு வருவார். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி (கொள்ளைக்காரர் என்றும் சொல்லலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்) சோழமண்டலக் கரையில் இதைப் பார்த்து, 1697-இல் வெளிவந்த தம் பயணநூலில் எழுதினார். அவர் பார்த்ததும் மரக்கட்டைகளைத்தான். பிறகு ஆங்கிலம் அந்தப் பெயரைக் கொண்டுபோய், கட்டுமரத்துக்குச் சம்பந்தமே இல்லாத இரட்டைப் படகின் தலையில் கட்டிவிட்டது. பெயர் நம்முடையது, பொருள் பசிபிக் தீவுக்காரர்களுடையது. அவர்கள் இரண்டு நீள ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, குடும்பம், கோழி, பன்றி, கிழங்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உலகத்தின் பாதிச் சமுத்திரத்தில் குடியேறியவர்கள். இதெல்லாம் கட்டுக்கதை என்று சந்தேகப்பட்ட பேராசிரியர்களுக்காக ஹோகுலேயா என்ற இரட்டை ஓடத்தைக் கட்டினார்கள். 1976-இல் மௌ பியாயிலுக் என்ற மாலுமி அதை, கருவி ஏதுமில்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே ஹவாயிலிருந்து தஹிதிக்குக் கொண்டுபோனார்.

எழுந்து நின்றவர் முகம் வாடிவிட்டது. அவருக்கு ஒரு நல்ல செய்தியும் வைத்திருக்கிறேன். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வியாபாரி ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கையேட்டை எழுதினார். நம் கீழைக் கடற்கரைத் துறைமுகங்கள் மூன்றை அதில் சொல்கிறார்: கமரா, பொதுகே, சோபத்மா. காவிரிப்பூம்பட்டினம், புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு, மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அங்கே சங்கரா என்றொரு கலம் ஓடியதாம். லயனல் காசன் என்ற கப்பல் வரலாற்றறிஞர் இந்த இடத்தை மொழிபெயர்த்தபோது, பெரிய பெரிய மரத்தோணிகளை நுகத்தடியால் பிணைத்த கலம் என்று பொருள் கொண்டார். மரக்காணத்துத் தோணிக்காரர் பலகை போட்டுவிட்டார். பேட்டன்ட் வாங்கவில்லை, அவ்வளவுதான் குறை. கேரளத்துச் சங்காடமும், இன்றைக்குக் கார், பைக், கல்யாணக் கோஷ்டி எல்லாவற்றையும் காயல் தாண்டி இறக்கிவிடுகிற ஜங்காரும் இந்த வம்சம்தான்.

இதே காசன், இரட்டை உடல் இன்னோர் இடத்திலும் இருந்தது என்று சந்தேகப்பட்டார்: எகிப்து. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நான்காம் தாலமி ராஜா ‘நாற்பது’ என்றொரு கப்பல் கட்டினார். துடுப்பு வலிக்க 4,000 பேர், சில்லறை வேலைக்கு 400 பேர், மேல்தளத்தில் 2,850 வீரர்கள். இத்தனை பேரையும் ஒற்றை உடலில் அடைக்க முடியாது, இரண்டு உடல்களை இணைத்துத்தான் கட்டியிருக்க வேண்டும் என்பது காசனின் வாதம். அது போருக்கல்ல, பார்வைக்குத்தான், நகர்த்துவதே பாடு என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். அரசாங்கச் செலவில் நகராத பொருள் செய்யும் கலைக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல்.

அடுத்து வருகிற மனிதர் எனக்குப் பிடித்தவர். சர் வில்லியம் பெட்டி. துணி வியாபாரியின் மகன், சிறுவயதில் கப்பலில் எடுபிடி, காலை உடைத்துக்கொண்டதால் பிரான்ஸ் கரையில் இறக்கிவிடப்பட்டவர். அங்கேயே படித்து, பிறகு வைத்தியரானார். 1650-இல் ஆக்ஸ்போர்டில் தூக்கிலிடப்பட்ட ஆன் கிரீன் என்ற பெண்ணின் உடலை அறுத்துப் பார்க்கக் கொண்டுவந்தார்கள். மூச்சு இருப்பதைக் கண்டு, பெட்டியும் சகாக்களும் சூடு பறக்கத் தேய்த்துப் பிழைக்கவைத்தார்கள். பிறகு அயர்லாந்து முழுவதையும் அளந்தார். ஒருவர் அவரைச் சண்டைக்கு அழைத்தபோது, இடத்தையும் ஆயுதத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு இருக்கிறது என்று, இருட்டு நிலவறையையும் தச்சன் கோடாலியையும் தேர்ந்தெடுத்தாராம். பெட்டிக்குக் கிட்டப்பார்வை. சண்டை நடக்கவில்லை. ஆப்ரே என்பவர் எழுதிய வம்புக் குறிப்பு இது.

இப்பேர்ப்பட்ட மனிதர் சும்மா இருப்பாரா? 1662-இல் டப்ளினில் இரட்டை உடல் படகு கட்டினார். அடுத்த வருஷம் ‘இன்வென்ஷன்’ வரிசையில் இன்னொன்று கட்டி, ஹோலிஹெட்டுக்கும் டப்ளினுக்கும் இடையே தபால் படகோடு பந்தயம் விட்டார். ஜெயித்தார். ஜெயித்தவனை ஊர் விடுமா? 1664 பிப்ரவரியில் இரண்டாம் சார்லஸ் ராஜா சபையில் உட்கார்ந்து பெட்டியின் படகைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கூடவே, காற்றை எடை போடுகிறார்களாம் என்று ராயல் சொசைட்டிக்காரர்களைப் பார்த்தும் ராஜா சிரித்தார். காற்றுக்கு எடை உண்டு என்பதும், சிரித்த ராஜாவே அந்தச் சங்கத்தின் புரவலர் என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். அதே வருஷம் டிசம்பரில் பெட்டி பெரிதாக ஒன்றைக் கட்டி மிதக்கவிட்டார். அதற்கு அதே ராஜா நேரில் வந்தார். கப்பலின் பெயர் ‘எக்ஸ்பெரிமென்ட்’. சோதனை என்று பெயர் வைத்துவிட்டுச் சோதனை வராமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? போர்ச்சுகல் வரை போனது. திரும்பும்போது புயலில், ஆட்களோடு, போயே போய்விட்டது.

நடந்தது என்னவென்று இன்றைய கப்பல் பொறியாளர் எவரும் ஊகிப்பார். இரண்டு உடல்கள் மேல் எல்லோருக்கும் கண். பலகை மேல் யாருக்கும் கண் இல்லை. பக்கவாட்டில் வருகிற அலை இரண்டு உடல்களையும் ஒருமுறை வெளியே பிய்க்கும், அடுத்த கணம் உள்ளே நெருக்கும். மூலைவாட்டில் வருகிற அலை இன்னும் விஷமி: இடப்பக்க முனையைத் தூக்கி, வலப்பக்கப் பின்புறத்தையும் தூக்கி, முழுக் கப்பலையும் ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கும். இதெல்லாம் போதாதென்று கீழிருந்து தளத்தின் அடிவயிற்றில் ஓங்கிக் குத்தும். ஒற்றை உடல் கப்பலுக்கு இல்லாத உபத்திரவங்கள் இவை. மரமும் ஆணியும் கயிறும் கொண்டு இதைத் தாங்கவைப்பது பெரும்பாடு.

நடுப்பலகையாக இருப்பதன் வேதனையைத் திருத்தணிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்த்து எங்களையும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டுபோனார்கள். இந்தப் பக்கம் ம.பொ.சிவஞானம் இழுத்தார். அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிட்டுவிட்டு அம்மாவிடம் தமிழில் சோறு கேட்கிற வீடுகள் நிறைந்த ஊர். பிய்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. படாஸ்கர் என்பவர் பஞ்சாயத்துப் பண்ணியபின், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. தேதியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம், நிஜமாகவே வந்தது. கடல் இல்லாத ஊருக்காக மல்லுக்கட்டிய ம.பொ.சி. எழுதிய பிரபலமான புத்தகத்தின் பெயர் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்பதை உபரித் தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கதை முடியவில்லை. இருபது வருஷம் கழித்து, 1684-இல், அறுபது வயதைத் தாண்டியபின், மறுபடி ஒன்று கட்டினார். ‘புனித மைக்கேல்’ என்று தேவதூதன் பெயரை வைத்தார். தேவதூதனாலும் முடியவில்லை.

அதன்பின் நூறு வருஷம் யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்காட்லாந்து வங்கிக்காரர் பாட்ரிக் மில்லர், 1788-இல் தம் பண்ணை ஏரியில் இரட்டைப் படகின் நடுவே நீராவிச் சக்கரம் பொருத்தி ஓட்டினார். அமெரிக்காவில் ராபர்ட் ஃபுல்டன் 1814-இல் இரண்டு உடலுக்கு நடுவே சக்கரத்தை ஒளித்துவைத்து ஒரு போர்க்கப்பல் கட்டினார். எதிரியின் குண்டு சக்கரத்தில் படாதல்லவா! எதிரி வரவேயில்லை. யுத்தம் முடிந்துவிட்டது. கப்பல் 1829-இல் தன் வெடிமருந்தாலேயே வெடித்தது.

இதற்குள் இங்கிலாந்துக்கு வேறொரு தலையாய பிரச்சினை வந்துவிட்டது: வாந்தி. உலகத்தையே ஆண்டவர்களுக்கு டோவரிலிருந்து கலேய் வரை போகிற சின்னக் கால்வாயில் வயிறு புரட்டியது. எஃகுக்குப் பெயர்போன ஹென்றி பெஸ்ஸமர் அப்படிப் புரண்டவர்களில் ஒருவர். கோபத்தில், கப்பல் எவ்வளவு ஆடினாலும் உள்ளே இருக்கும் கூடம் மட்டும் ஆடாதபடி தொங்கவிட்ட ஒரு கப்பலைக் கட்டினார். 1875 மே மாதம் பொதுமக்களோடு கிளம்பிய அது, கலேய் துறைமுகப் பாலத்தை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் நின்றது. பிற்பாடு அந்த ஆடாத கூடம் ஒரு பெரிய மனிதர் வீட்டில் பில்லியர்ட்ஸ் அறையானது.

போட்டிக்கு வந்தது காஸ்டாலியா. 1874-இல் தேம்ஸ் கரையில் கட்டப்பட்டது; இரண்டு உடல், நடுவில் சக்கரம். ஆடாது என்றார்கள், உண்மையாகவே அவ்வளவாக ஆடவில்லை. பிரச்சினை என்னவென்றால், போகவும் இல்லை. இரண்டு உடலும் கிளப்புகிற அலைகள் நடுவில் முட்டிக்கொண்டு வேகத்தைத் தின்றன. வேகமாகப் போய் வாந்தி எடுப்பதா, மெல்லப் போய்க் கொட்டாவி விடுவதா என்று கேட்டபோது ஆங்கிலேயப் பயணி வாந்தியைத் தேர்ந்தெடுத்தார். கடைசியில், 1880-களில், காஸ்டாலியாவை அம்மை நோயாளிகளுக்கான மிதக்கும் ஆஸ்பத்திரியாக்கித் தேம்ஸில் கட்டிப்போட்டார்கள். அசையாமல் கிடப்பதில் அது பேர் வாங்கியது.

வேகம் வேண்டுமானால் உடல் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டவர் நத்தேனியல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்க இளைஞர். 1876-இல் நியூயார்க் பாய்மரப் பந்தயத்தில் அமரிலிஸ் என்ற இரட்டைப் படகைக் கொண்டுவந்து, பணக்காரர்களின் அழகான படகுகளையெல்லாம் ஓரங்கட்டினார். பணக்காரர்கள் கூடி ஆலோசித்து, இது படகே அல்ல என்று தீர்ப்பெழுதிப் பரிசைப் பறித்தார்கள். அந்த ஒல்லி உடல் தத்துவம் 1990-இல் பழிவாங்கியது: டாஸ்மேனியாவில் கட்டிய ஓர் இரட்டை உடல் ஃபெரி, அட்லாண்டிக்கை 3 நாள் 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடந்து, மகா கப்பல்களுக்கென்று வைத்திருந்த கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது.

ஆனால் ஒல்லி உடலிலும் ஒரு கோளாறு. சாயாது, சரி, அலை வந்தால் வெடுக் வெடுக்கென்று உதறும். இதற்கு மருந்து கண்டவர் டெலிபிரிண்டரால் பேர் பெற்ற ஃபிரடெரிக் கிரீட். நம்மூர்த் தந்தி ஆபீஸ்களில் ‘டகடகடக’ என்று அடித்துக்கொண்டிருந்த வம்சத்தின் தாத்தா. கனடாவில் பிறந்து, இங்கிலாந்தில் கம்பெனி நடத்தி, கம்பெனி கைமாறியபின், வயதான காலத்தில் கப்பல் பைத்தியம் பிடித்தவர். அவர் யோசனை அலாதி: மிதக்கிற உடல்களை மேலே வைத்தால்தானே அலை பிடித்து ஆட்டுகிறது? நீர்மூழ்கி மாதிரி அவற்றை ஆழத்தில் அமுக்கிவிடு. அங்கிருந்து கத்திபோன்ற மெல்லிய கால்களை மேலே எழுப்பி, அதன்மேல் தளத்தை வை. நீர்மட்டத்தில் அலைக்குப் பிடிமானமே இருக்காது. 1938 வாக்கில் கடற்படையிடம் கொண்டுபோனார், விமானந்தாங்கிக்கு உதவும் என்றார். கடற்படை ஆர்வம் காட்டவில்லை. 1946-இல் பேட்டன்ட் கிடைத்தது, 1957-இல் கிரீட் காலமானார், கப்பல் காகிதத்திலேயே இருந்தது.

அமெரிக்கக் கடற்படையின் ஆய்வாளர் தாமஸ் லாங் இதே யோசனையைத் தனியாகப் பிடித்து, 1973-இல் காய்மலினோ என்ற கப்பலை மிதக்கவிட்டார். ஹவாய்க் கடலில் அதைப் பத்து மடங்குக்கு மேல் பெரிய காவல் கப்பலோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். பெரியண்ணன் ஆடினார், சின்னது காபி சிந்தாமல் போனது. இதற்கும் ஒரு விலை உண்டு. அலைக்குப் பிடிமானம் இல்லையென்றால் கப்பலுக்கும் பிடிமானம் இல்லை. சரக்கை ஒரு பக்கம் நகர்த்தினால் அந்தப் பக்கமே சாயும். துடுப்புச் செதில்களும் நீர்த்தொட்டிகளும் வைத்து ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

இதை நம்பி 1992-இல் உல்லாசக் கப்பலாக ராடிஸன் டயமண்ட் வந்தது. ஆடவில்லை. வேகமும் இல்லை. கடைசியில் ஆசியாவுக்கு வந்து சூதாட்டக் கப்பலானது. அங்கே யாருக்கும் ஊர் போய்ச்சேரும் அவசரம் கிடையாது. லாக்ஹீட் கம்பெனி 1980-களில் பரம ரகசியமாகக் கட்டிய ‘சீ ஷாடோ’ கதை இன்னும் விசேஷம். ராடார் கண்ணுக்கே தெரியாத கப்பல். முதல் ஓட்டத்தில், ரகசியத்தை ஊருக்கே சொல்கிற மாதிரி பின்னால் பெரிய நீர்த்தடம் கிளம்பியது. மண்டையைப் பிய்த்துக்கொண்டபின் பார்த்தால், விசிறிகளைத் தலைகீழாக மாட்டியிருந்தார்களாம். சொன்னவர் அதைக் கட்டிய லாக்ஹீட் பிரிவின் தலைவர் பென் ரிச், தம் புத்தகத்திலேயே. 2012-இல் அதைக் காயலான் கடைக்குப் போட்டார்கள்.

நம் கடற்படைக்கும் அதே 2012-இல்தான் இரட்டை உடல் யோகம். கடலடியை அளக்கிற கப்பலுக்கு ஆட்டம் ஆகாது. இரட்டை உடல் பொருத்தம். குஜராத் அரசின் அல்காக் ஆஷ்டவுன் தளத்தில் 2006-இல் ஆறு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 53 மீட்டர் நீளமுள்ள ஐ.என்.எஸ். மகர் கார்வாரில் பணியில் சேர்ந்தது. மற்றவற்றுக்குக் காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், தளமே முழுகியது. ஆறுமுகம் கேட்டவர்களுக்கு ஒருமுகம்தான் பிரசன்னமானது.

கேரளம் இதில் சத்தம் போடாமல் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிற சூரியசக்திப் படகு ஆதித்யா இரட்டை உடல். 75 பேர் உட்காரலாம், டீசல் வாசனை கிடையாது. 2023-இல் வந்த கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகளும் அப்படித்தான். மெல்லிய உடல்களுக்குத் தண்ணீரின் தடை குறைவு, பேட்டரி குறைவாகச் செலவாகும், மேலே சூரியத் தகடு பரப்ப அகலமான கூரை கிடைக்கும். காஸ்டாலியாவைக் கவிழ்த்த கணக்கு, மெதுவாகப் போகிற காயல் படகுக்குச் சாதகமாகத் திரும்பிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2024 பிப்ரவரி 28 அன்று, நாட்டின் முதல் உள்நாட்டுத் தயாரிப்பு ஹைட்ரஜன் படகைப் பிரதமர் தொடங்கிவைத்தார். இரட்டை உடல், 24 மீட்டர், 50 பயணிகள். விழா மேடை, கொடி, கைதட்டல் எல்லாம் தூத்துக்குடியில். படகு நின்றது கொச்சியில். ஓட வேண்டிய ஊர் காசி. இதற்கு நடுவில் எவ்வளவு நீளப் பலகை வேண்டும் என்று கப்பல்துறை அமைச்சகத்தில்தான் கேட்க வேண்டும்.